நடுநாள் கிணறு

1993ஆம் வருஷம் ஐப்பசி மாதத்திலிருந்து வெள்ளக்கரட்டில் வாரத்துக்கு எட்டு நாள். செவ்வாய்க்கிழமை இரவு படுத்து எழுந்தால் புதன்கிழமை வராது. நடுவில் இன்னொரு நாள், காலையும் மத்தியானமும் சாயங்காலமுமாக முழுசாக வந்து முடிந்த பிறகுதான் புதன் விடியும். வெள்ளக்கரடு என்பது மதுரையிலிருந்து திருநகர், திருமங்கலம் வழியாக டி. கல்லுப்பட்டி வந்து, அங்கிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகிற பஸ்ஸின் கடைசி நிறுத்தம். அதற்கு மேல் மலை வந்து மறித்துக்கொள்ளும். இரண்டு டீக்கடை, ஒரு பால் சொசைட்டி, ஒரு ரேஷன் கடை, புளி வாங்கிப் போடுகிற ஒரு கிட்டங்கி, சுற்றிலும் மல்லிகையும் தக்காளியும். அவ்வளவுதான் ஊர். மதுரை மாதிரி ஒரு பெரிய ஊரை விட்டுவிட்டு இதற்குப் போய் எதற்காக ஒரு நாளைக் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேட்டு வாங்கியவர்களும் இல்லை.

முதல் தடவை வந்தபோது ஊரார் அதை பஸ் ஸ்டிரைக் என்றே நினைத்தார்கள். காலையில் பால் வண்டி வரவில்லை, பேப்பர் வரவில்லை, வாத்தியார் வரவில்லை. ரேடியோவைத் திருகினால் எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி இரைச்சல் மட்டும் வந்தது. மறுநாள் எல்லாம் ஒழுங்காக வந்தது, ஆனால் வந்த பேப்பரில் புதன்கிழமை என்று போட்டிருந்தது. டீக்கடைக்காரர் பழைய பேப்பரைத் தலையில் கட்டிவிட்டான் என்று பேப்பர் போடுகிறவனோடு சண்டைக்குப் போனார். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம் விஷயம் பிடிபட்டுவிட்டது. கிழக்கே வாய்க்கால் பாலத்தைத் தாண்டி ஓர் எட்டு வைத்தால் அங்கே புதன்கிழமை விடிந்துகொண்டிருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் உச்சி வெயில் அடித்தது. போனவர்கள் திரும்பி வந்தால் இங்கேயும் புதன்கிழமைதான் இருக்கும், அந்த வாரத்து நாள் அவர்களுக்கு இல்லை. ஆகவே யாரும் போகவில்லை. கோயில் பூசாரி பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு ராகு காலமும் கிடையாது, எமகண்டமும் கிடையாது, சாமிக்கு ஒரு தீபம் மட்டும் காட்டிவிடலாம் என்று தீர்மானித்தார். நடுவில் வந்த நாள், அதனால் நடுநாள். பெயர் வைக்க அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

வந்த நாளை வைத்து என்ன செய்வது என்று ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மின்சாரம் இருந்தது, மீட்டர் சுற்றவில்லை. ஆகவே வாரத்துக்கு வேண்டிய மாவு முழுவதும் அன்றைக்கே ஆட்டப்பட்டது. பால் வண்டி வராததால் பால் ஊரிலேயே தங்கியது, வெள்ளக்கரட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் முதல் தடவையாக வெள்ளக்கரட்டுப் பாலைக் குடித்தார்கள். மல்லிகைச் செடிக்கு நாள் கிழமை தெரியாது, அது அன்றைக்கும் பூத்தது. மதுரைப் பூ மார்க்கெட்டோ வேறொரு நாளில் இருந்தது. புதன்கிழமை வரை பூவை வைத்திருந்தால் வாடிவிடும். அதனால் நடுநாளில் பறித்த பூவை ஊர்ப் பெண்களே வைத்துக்கொண்டார்கள், ஆயுசு முழுக்கப் பூப் பறித்தும் ஒரு முழம் வைத்துக்கொள்ளாத கிழக்குத்தெருப் பெண்கள் உட்பட. சாயங்காலம் ஆனால் ஊரே கல்யாண வீடு மாதிரி மணக்கும். வெள்ளக்கரட்டுத் தக்காளி மற்ற ஊர்த் தக்காளியைவிட எட்டு ஒன்பது நாள் முன்னதாகவே பழுத்து நல்ல விலைக்குப் போனது. எட்டு மாதம் நிரம்புவதற்குள் பிறந்த பிள்ளைகள் எல்லாம் மூன்று கிலோ இருந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா முதலில் தராசை மாற்றினார், பிறகு சந்தேகத்தை விட்டுவிட்டார்.

வெளியூர்க்காரர்களில் இந்த நாளை முதலில் கண்டுகொண்டவர் மதுரையில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் லட்சுமிநாராயணன். மருமகனுக்கு மலைத்தேன் வாங்க ஒரு செவ்வாய்க்கிழமை வந்தவர், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு டீக்கடை பெஞ்சிலேயே படுத்துவிட்டார். நடுநாளில் மழை பெய்வதில்லை என்று தெரிந்ததும் மனிதருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மதுரையில தீவாளி நேரத்துல வெயிலுக்கு நாயா அலையுறேன். இங்க ஒரு முழு வெயில் சும்மா கெடக்கேய்யா" என்றார். அடுத்த வாரத்திலிருந்து செவ்வாய் சாயங்காலம் சாயம் தோய்த்த சேலை மூட்டைகளோடு வந்து இறங்கி, மலையடிப் பாறை முழுவதும் விரித்துக் காயவைத்து, புதன் காலை முதல் பஸ்ஸில் ஊர் திரும்பினார். ஒரே ராத்திரியில் இரண்டு நாள் தாடியோடு வீடு திரும்புகிற புருஷனை அவர் மனைவி லலிதாம்பாள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. வெள்ளக்கரட்டில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று முடிவு செய்து கூடவே கிளம்பி வந்தார். வந்து பார்த்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அவரும் வந்தார், தூங்குவதற்கு. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் பகலில் படுத்ததில்லை என்று சொல்லி, பால் சொசைட்டித் தாழ்வாரத்தில் பாயை விரித்துச் சாயங்காலம் வரை தூங்குவார்.

கிழக்குத்தெரு ஒச்சம்மாளுக்கு இந்த நாள் வேறு மாதிரி வந்து சேர்ந்தது. அவளும் அவள் புருஷன் சுருளியும், அந்தத் தெருவின் மற்றப் பத்துக் குடும்பங்களும், ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரரான விருமாண்டியின் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் எல்லோரும் களத்தில் வந்து நிற்க வேண்டும். விருமாண்டி வீட்டுக்குள்ளிருந்து வந்து, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழிப்பார். கிழித்தால்தான் அன்றைக்கு நாள். கிழிக்கும்போது களத்தில் இல்லாதவர்களுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது, பிறகு வந்து மாடாய் உழைத்தாலும் சரி. அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். நடுநாளுக்குக் காலண்டரில் தாள் இல்லை. முதல் வாரம் தெரியாமல் கிழித்து, மறுநாள் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைக்கும்படி ஆயிற்று. அதன் பிறகு அன்றைக்கு அவர் காலண்டர் பக்கமே போவதில்லை. ஆனால் களையெடுப்பும் மாட்டுத் தொழுவமும் தண்ணீர் பாய்ச்சலும் இருந்தன. பத்து வாரம் எல்லோரும் போய் வேலை செய்தார்கள். பத்து வாரமும் அந்த நாளுக்குக் கூலி வரவில்லை.

ஒச்சம்மாளுக்கு அப்போது முப்பது வயது. வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் பெயர் எடுத்தவள். பதினோராவது வாரம் களத்தில் நின்று கேட்டுவிட்டாள். விருமாண்டி ஊர்க்கூட்டத்தைக் கூட்டினார். அப்படி ஒரு நாளே கிடையாது, கிடையாத நாளுக்கு எவன் கூலி கொடுப்பான் என்றார். கூட்டத்தில் மற்ற நிலக்காரர்களும் இருந்தார்கள், அவர்கள் தோட்டத்திலும் ஆட்கள் இருந்தார்கள். தலையை ஆட்டினார்கள்.

"சரிங்கய்யா. அந்த நாள் இல்லங்கிறத எழுதிக் கையெழுத்துப் போட்ருங்க. நாளைக்குப் பேச்சு மாறிறக் கூடாதுல்ல?" என்றாள் ஒச்சம்மாள்.

எழுதினார்கள். வெள்ளக்கரட்டில் செவ்வாய்க்கும் புதனுக்கும் இடையில் நாள் ஏதும் இல்லை, இருந்ததும் இல்லை என்று ஊர்த் தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. முதல் கையெழுத்து விருமாண்டியுடையது. அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒச்சம்மாள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த நடுநாள் காலையில் களத்துக்கு ஒருவரும் போகவில்லை. விருமாண்டி ஆள் அனுப்பினார். வந்தவனிடம், "இல்லாத நாள்ல எப்படிண்ணே வேலைக்கு வாரது? நீங்களே எப்படி வந்தீக?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். அவனும் யோசித்துக்கொண்டே போய்விட்டான்.

வேலைக்குப் போகாத ஒரு பகலை எப்படிக் கழிப்பது என்று கிழக்குத்தெருவில் யாருக்கும் தெரியவில்லை. முதல் வாரம் சும்மா உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வாரம் சுருளி மலையடிக்கு நடந்து போய், தன் அப்பாவுக்கும் மற்றப் பத்துப் பேருக்கும் தானமாக வந்த நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அது பழைய சங்கதி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து கதர் கட்டியவர்கள் ஊர் ஊராக நடந்து வந்து நிலமில்லாதவர்களுக்கு நிலம் கேட்டபோது, விருமாண்டியின் அப்பா ஆறு ஏக்கர் எழுதிக் கொடுத்தார். தன்னிடம் இருந்ததில் ஆடுகூட மேயாத ஆறு ஏக்கராகப் பார்த்துக் கொடுத்தார். தண்ணீர் இருந்தால் அது நிலம், இல்லாவிட்டால் வெறும் கல். கிணறு வெட்ட ஆளைக் கூப்பிட வசதியில்லை; தாங்களே வெட்டலாம் என்றால் தாள் கிழிகிற ஏழு நாளும் விருமாண்டியின் களத்தில் நிற்க வேண்டும். நாற்பது வருஷமாக அந்த நிலத்துக்கு இல்லாமல் போனது ஒரு நாள்தான்.

"கெணறு வெட்டுவோம்" என்றான் சுருளி. ஒச்சம்மாள் மகளைப் பார்த்தாள். சரண்யாதேவிக்கு அப்போது மூன்று வயது. தானும் தன் தாயும் நின்ற அந்தக் களத்தில், ஒருவன் தாள் கிழிப்பதற்காக இவள் காத்து நிற்கக் கூடாது என்பதுதான் ஒச்சம்மாளுக்கு இருந்த ஒரே ஆசை. மற்றதெல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம். "எம்புட்டு நாளானாலும் சரி" என்றாள்.

எட்டு வருஷம் ஆனது. மேலே நாலடி சுக்கான் மண், அதற்குக் கீழே ஒரே பாறை. வெடிமருந்து வாங்கினால் ஊர் உலகத்துக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, பாறையின் மேல் விறகைக் குவித்து எரிப்பார்கள். பாறை பழுத்ததும் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடும். விரிசலில் இரும்பு ஆப்பை இறக்கிச் சம்மட்டியால் அடித்துப் பெயர்ப்பார்கள். ஓர் அடி இறங்க எட்டு நடுநாள் பிடித்தது. ஆண்கள் உடைக்க, பெண்கள் கூடையில் ஏற்றி மேலே இழுத்தார்கள். பிறகு பெண்களும் உடைத்தார்கள். சேலை காயவைக்க வந்த லட்சுமிநாராயணன் இதை ஒரு மாதம் தூரத்திலிருந்து பார்த்தார். ஒரு செவ்வாய்க்கிழமை சேலை மூட்டைக்குள் வைத்து இரண்டு புதுச் சம்மட்டியும் வண்டி இழுக்கிற தடித்த கயிறு ஒன்றும் கொண்டுவந்து போட்டார். "நான் விரிக்கிற பாறை உங்க நெலத்துலதான் இருக்கு. அதுக்கு வாடகைன்னு வச்சுக்கங்க" என்றார். பாறை புறம்போக்கு என்பது அவருக்கும் தெரியும்.

வெள்ளக்கரட்டு ஆட்களிடம் இப்போது கேட்டாலும் அந்த வருஷங்களைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும். முதுகு ஒடிந்த வேலைதான், கை காய்த்துப்போன வேலைதான். இருந்தாலும் அந்த நாளில் யாரும் யாரையும் ஏவவில்லை. எப்போது வேண்டுமானாலும் சம்மட்டியைக் கீழே வைக்கலாம் என்று இருந்ததாலேயே யாரும் கீழே வைக்கவில்லை. மத்தியானம் பதினோரு வீட்டுச் சோறும் ஒன்றாக வந்து சேரும். பால் வண்டி வராத நாள் என்பதால் மோர் தாராளம். பெண்கள் தலையில் பூவோடு கல் சுமந்தார்கள். கூடையிலிருந்து புழுதி கொட்டினால் பூ சிவந்துபோகும். முத்திருளன் என்று ஒருவன் இருந்தான், கிணற்றுக்குள் இருந்துகொண்டு மேலே இருப்பவர்களைக் கேலி பேசுவதற்கென்றே பிறந்தவன். "மதினி, கூடையச் சீக்கிரம் இழு, கீழ இருக்குறவனுக்குக் கல்யாணமாகணும்" என்று அவன் கத்துவது பாறையில் மோதி ஊர் வரை கேட்கும். புதன்கிழமை காலையில் அதே ஆட்கள் வாயை மூடிக்கொண்டு களத்தில் போய் நிற்பார்கள், விருமாண்டி தாளைக் கிழிப்பார். உடம்பு வலிக்கிறது என்று ஒருவரும் வேலைக்கு வராமல் நின்றதில்லை. நின்றால் கேள்வி வரும்.

விருமாண்டிக்குத் தெரியாமல் இல்லை. நடுநாளில் அவரும் ஊரில்தான் இருந்தார், சம்மட்டிச் சத்தம் அவர் காதிலும் விழுந்தது. ஆனால் இல்லாத நாளில் ஒரு சத்தம் கேட்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? தவிர, அந்தப் பாறையில் தண்ணீர் வராது என்று அவருக்கு நிச்சயம். அவருடைய அப்பா பார்த்துக் கொடுத்த நிலம் அல்லவா?

2002ஆம் வருஷம் ஆவணியில், ஐம்பத்து நாலாவது அடியில், தண்ணீர் வந்தது. ஒச்சம்மாள் ஆப்பைப் பிடித்திருந்தாள், சுருளி அடித்தான். ஆப்பு சட்டென்று உள்ளே போய்விட்டது. போன ஓட்டையில் ஈரம் கசிந்தது, பிறகு விரல் தடிமனுக்கு வந்தது, ஒரு நாழிகையில் கணுக்கால் நனைந்தது. ஒச்சம்மாள் உள்ளேயே உட்கார்ந்து தண்ணீரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அழுதாள். மேலே இருந்தவர்கள் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பதறிக் கயிற்றை இறக்கினார்கள்.

அடுத்த வருஷமே ஆறு ஏக்கரும் பச்சையானது. முதலில் தக்காளி, பிறகு மல்லிகைப் பதியன். கிழக்குத்தெரு ஒவ்வொரு வீடாகக் களத்தை விட்டு நின்றது. ஒரு காலையில் விருமாண்டி தாளைக் கிழித்துவிட்டுத் திரும்பியபோது களத்தில் ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை. அன்றைக்கே மனு எழுதிவிட்டார். தன் கிணற்றுக்குப் பக்கத்தில் அனுமதி வாங்காமல் புதிதாகக் கிணறு வெட்டித் தன் ஊற்றை இழுத்துவிட்டார்கள், அதை மூட உத்தரவிட வேண்டும் என்று மனு. புதுக்கிணறு என்று ஆகிவிட்டால் மூடத்தான் வேண்டியிருக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வந்தார். வெளியூர்க்காரர், இளைஞர், நடுநாளைப் பற்றி ஒன்றும் அறியாதவர். கிணற்றை எட்டிப் பார்த்தார், ஒரு கல்லைப் போட்டு ஆழம் கணக்கிட்டார், பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விருமாண்டியைக் கேட்டார்.

"எப்ப வெட்டுனாங்க?"

"எட்டு வருஷமா வெட்டுனாங்க சார். எல்லாம் எங்கிட்ட வேலை பாத்த பயலுக. தின்ன சோத்துக்குத் துரோகம் பண்ணிட்டானுக."

"உங்ககிட்ட வேலை பாத்துக்கிட்டேவா? அப்ப வேலைக்கு வராம இருந்திருப்பாங்கள்ல, அந்த நாள்ல வெட்டியிருப்பாங்க."

விருமாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கிட்டயா? ஏழு நாளும் காலையில ஆறு மணிக்கு என் களத்துல நிப்பாங்க சார். பொழுது சாயுற வரைக்கும் என் காடுதான். எட்டு வருஷத்துல ஒருத்தன் ஒரு நாள் வேலைக்கு வராம நின்டான்னு காட்டுங்க பாப்போம். ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க."

ஊரில் இருந்தவர்களை அதிகாரி கேட்டார். ஆமாம் சார், ஒரு நாள்கூட வராமல் நின்றதில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அது உண்மையும்கூட.

"திங்கள்லருந்து ஞாயிறு வரைக்கும் உங்க தோட்டத்துல. அப்ப எந்த நாள்ல வெட்டுனாங்க?"

விருமாண்டி வாயைத் திறந்தார். நடுநாள் என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. தீர்மானப் புத்தகம் கிராம அலுவலகத்தில் இருக்கிறது, முதல் கையெழுத்து தன்னுடையது என்ற நினைவும் கூடவே வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாரி பெருமூச்சு விட்டுவிட்டு ஒச்சம்மாள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இந்தக் கெணறு நீங்க வெட்டுனதா?"

அந்தக் கிணற்றின் ஒவ்வொரு அடியும் ஒச்சம்மாளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். பத்தொன்பதாவது அடியில் சுருளியின் கால் பெருவிரல் நசுங்கியது, முப்பத்தாறில் முத்திருளனுக்குக் கல்யாணம் கூடியது, நாற்பத்தொன்றில் சம்மட்டி உடைந்தது. ஆமாம், நாங்கள்தான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் கிணறு போய்விடும். அவள் வாய் நீளம் என்று சொன்ன தெரு முழுவதும் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

"இல்லங்க சார்" என்றாள். "நாங்க யாரும் வெட்டல. முந்தியே கெடந்த கெணறுதான்."

பழைய கிணறு, வெட்டிய காலம் தெரியவில்லை, மனு தள்ளுபடி என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலு மணி பஸ்ஸில் போயும் விட்டார். கிழக்குத்தெருவில் பாயசம் வைத்தார்கள். ஒச்சம்மாள் தொடவில்லை. "கெணறு தப்பிச்சிருச்சுல்ல, பெறகென்ன?" என்று கேட்ட சுருளியிடம், "கெணறு இருக்கு. நம்ம வெட்டுனது எங்க இருக்கு?" என்றாள். அவன் பாயசத் தம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் நடுநாள். காலையிலேயே ஒச்சம்மாள் கிணற்றடிக்குப் போய், வெட்டிக் குவித்த கல் மேட்டின் மேல் ஏறி நின்று, முதல் அடியிலிருந்து ஐம்பத்து நாலாவது அடி வரை யார் உடைத்தது, யார் சுமந்தது, யாருக்கு எங்கே காயம் பட்டது என்று உரக்கச் சொன்னாள். சொல்லி முடிக்க மத்தியானம் ஆயிற்று. ஊரில் பாதி வந்து நின்று கேட்டது. லட்சுமிநாராயணன் சேலைகளை விரித்தபடியே கேட்டார். விருமாண்டியும் வரப்பில் தலையில் துண்டோடு நின்று கேட்டார்.

"நீ இன்னைக்கு என்ன சொன்னாலும் எங்கயும் செல்லாது, ஒச்சம்மா" என்றார் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை.

"தெரியுங்கய்யா. அதனாலதான் இன்னைக்குச் சொல்றேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மனு எதுவும் எழுதவில்லை.

2005ஆம் வருஷம் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஊரார் வழக்கம்போலப் படுத்தார்கள். எழுந்தபோது பால் வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை. நடுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பூசாரி பரிகாரம் எதுவும் தேவையில்லை என்றார். வந்தபோது வைத்துக்கொண்டோம், போனபோது விட்டுவிடுவோம் என்றார். லட்சுமிநாராயணன் மூன்று செவ்வாய் வந்து பார்த்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு மதுரைக்குப் போனார். லலிதாம்பாள் பாயைச் சொசைட்டியிலேயே விட்டுவிட்டுப் போனார். பூ முழுவதும் பழையபடி மதுரைக்குப் போனது. கொஞ்ச நாள் ஊருக்குக் கை ஓடவில்லை, அவ்வளவுதான். சரண்யாதேவி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், தக்காளி மற்ற ஊர்களோடு சேர்ந்தே பழுத்தது.

ஒச்சம்மாளுக்கு ஓர் உடன்பிறந்தாள் உண்டு என்பதை இதுவரை சொல்லவில்லை, சொல்ல வேண்டிய இடம் இப்போதுதான் வந்திருக்கிறது. இரட்டைப் பிள்ளைகள். முத்துத்தாய் பத்து நிமிஷம் முந்திப் பிறந்தவள், கொட்டாம்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டவள். பத்து நிமிஷ மூப்புக்காக ஒச்சம்மாள் அவளை ஆயுசு முழுக்க அக்கா என்றே கூப்பிட்டாள். வீட்டு விசேஷத்தில் முதல் காரியத்தை மூத்த பெண்தான் செய்ய வேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம், ஆகவே எல்லாவற்றையும் முத்துத்தாயே செய்தாள். அந்த வருஷம் சித்திரையில் அவள் வெள்ளக்கரட்டுக்கு வந்து நாலு நாள் தங்கினாள். கிணற்றைச் சுற்றி வந்தாள், தண்ணீரைக் குடித்தாள், தங்கச்சியின் கையை எடுத்துத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் பிறந்த கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒச்சம்மாள் கதை முழுவதையும் சொன்னாள். முத்துத்தாய் உம் கொட்டிக்கொண்டே கேட்டாள், நம்பினேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை.

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அவர்களுடைய தம்பி கொட்டாம்பட்டியில் கட்டிய புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். சொந்தமெல்லாம் கூடியிருந்தது. புது அடுப்பு, புதுப் பாத்திரம். மூத்தவ வந்து பாலை ஏத்து என்று குரல் கொடுத்தார்கள். முத்துத்தாய் எழுந்து வந்து பால் பாத்திரத்தைக் கையில் வாங்கினாள். வாங்கியவள் அடுப்புக்குப் போகாமல், கூட்டத்தில் பின்னால் நின்ற ஒச்சம்மாளிடம் போனாள்.

"அக்கா, நீ ஏத்து" என்றாள்.

ஒச்சம்மாளுக்குக் கை வரவில்லை. தம்பிதான் குறுக்கே வந்தான். "என்னக்கா வெளையாடுற? நீதான மூத்தவ?"

"பத்து நிமிஷத்துக்கு நான் மூத்தவ. அவ பதினோரு வருஷமா வாரத்துக்கு ஒரு எட்டாவது நாளும் வாழ்ந்து, ஒன்னரை வருஷத்துக்கு மேல எனக்கு முந்திட்டாடா. அம்புட்டு நாளும் பாறை ஒடச்சிருக்கா, கெணறு வெட்டியிருக்கா. நான் பாத்துட்டு வந்துதான் சொல்றேன்" என்று முத்துத்தாய் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

ஒச்சம்மாள் முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு பாத்திரத்தை வாங்கினாள். அடுப்பில் ஏற்றினாள். பால் பொங்கி வழிந்தது, பெண்கள் குலவை போட்டார்கள். எட்டாவது நாள் எது, எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. இலை போடும் நேரமாகிவிட்டிருந்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒச்சம்மாள்தான் மூத்தவள்.